எட்டு மணிக்குக் காபி

காலை ஆறே காலுக்கு எழும்பூரில் இறங்கினேன். மயிலாப்பூருக்கு ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டார். ஆறு கிலோமீட்டர் இருக்குமா, இதற்குப் போய் இவ்வளவா என்றேன். "மெட்ரோவுக்கு ரோடெல்லாம் நோண்டி வெச்சிகீறாங்க மேடம். சுத்திக்கினுதான் போவணும்" என்றார். இருநூற்றுக்கு இறங்கி வந்தார். லஸ் பக்கம் போனதும்தான் தெரிந்தது, மனிதர் பொய் சொல்லவில்லை.

திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். மருந்து எழுதிக் கொடுக்கிற இடத்திலேயே சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவும் ஓர் ஆள் வேண்டும் என்பது என் பல வருடப் பாட்டு. அதை அடையாறில் சுகாதாரத் துறைக் கூட்டம் ஒன்றில் பத்து நிமிடம் பாட அழைத்திருந்தார்கள். தங்கல், கல்லூரித் தோழி வித்யா வீட்டில். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து இப்போது அவளுக்கு ஆறாவது மாதம்.

கதவைத் திறந்தவளின் முகம் வெளுத்துக் கிடந்தது. தொழில் புத்தி, பையை வைத்ததும் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். அங்கும் சிவப்பே இல்லை.

"ரத்தம் ஏறவே மாட்டேங்கறதுடி. மாத்திரை ஒரு நாள்கூட விடலை. அடுத்த மாசம் திரும்ப டெஸ்ட். அப்பவும் ஏறலைன்னா ஆஸ்பத்திரில படுக்க வெச்சு ஊசி வழியா ஏத்தணுமாம். குழந்தைக்கும் வளர்த்தி போறலைங்கறா. பயமா இருக்கு" என்றாள்.

அப்போது அவள் கணவர் ரகு உள்ளேயிருந்து வந்தார். ஒரு கையில் நுரை ததும்பும் டபரா, டம்ளர். மறு கையில் குட்டி வெள்ளிக் கிண்ணம். அதற்குள் இரும்புச்சத்து மாத்திரை.

"இவளை நம்ப முடியாது, மறந்துடுவா. அதான் தினம் நானே காபியோட கையில குடுத்துடறேன். ஒரு நாள் தப்பினது கிடையாது" என்றார் பெருமையாக.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் மாத்திரையைப் போட்டுக் காபியையும் குடித்துவிட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காபி, மாத்திரையிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. விடிவதற்கு முன்பே எழுந்து டிகாக்‌ஷன் இறக்கி, பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற இந்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? மாதாமாதம் மாத்திரையை நீட்டியவர்கள்மீதுதான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எதோடு விழுங்குகிறாய் அம்மா என்று ஒருவர் கேட்டிருக்கக் கூடாதா? ஆனால் நானும் ஒன்றும் சொல்லாமல் குளிக்கப் போய்விட்டேன்.

ஒன்பதரை மணிக்குக் கிளம்பி மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் வழியாக அடையாறு பாலம் தாண்டினேன். ஐந்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். கூட்டத்தில், தயாரித்து வைத்த பேச்சை விட்டுவிட்டு, பெயர் சொல்லாமல் அந்தக் காபியைப் பற்றியே பேசினேன். "மாத்திரை கவர்ல ஒரு வரி போட்டுடலாமே மேடம்?" என்றார் ஓர் அதிகாரி.

"கவர் கேள்வி கேக்காது சார். ஆளுதான் கேக்கணும்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. அவர் சிரித்தார். சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் முதலில் அப்படி ஓர் ஆளை வைத்துப் பார்க்கலாம் என்றார். அப்போதுதான் உறைத்தது. ஊருக்கு உபதேசம் செய்கிறேன், காலையில் தோழி வீட்டில் வாய் திறக்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பியதும் நேரே சமையலறைக்குப் போய் ரகுவிடம் சொன்னேன். ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார்.

"இத்தனை நாளும் நானேவா கெடுத்தேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்க. நீங்க குடுக்கப் போய்தான் ஒரு நாளும் விட்டுப் போகல. நேரத்தை மட்டும் மாத்துங்க. ஆறு மணிக்கு எலுமிச்சம்பழ ஜூஸோட மாத்திரை. குமட்டுச்சுன்னா ஒரு இட்லி. எட்டு மணிக்கு மேல காபி" என்றேன்.

"ரெண்டு மணி நேரமா? இதுக்கு ஊசியே தேவலைடி" என்றாள் கூடத்திலிருந்து வித்யா.

மறுநாள் ஆறு மணிக்கு அதே வெள்ளிக் கிண்ணம் வந்தது, பக்கத்தில் எலுமிச்சை ஜூஸ். ஏழு மணிக்கு எனக்கு மட்டும் காபி. உங்களுக்கு என்று கேட்டேன்.

"அவளோட எட்டு மணிக்குக் குடிச்சுக்கறேன். தப்பா நெனச்சுக்காதீங்கோ, நீங்க பால்கனியில போய்க் குடிங்கோ. வாசனை வந்தா பாவம், அவளுக்கு ஆசையா இருக்கும்."

விருந்தாளியைக் காபியோடு வீட்டுக்கு வெளியே அனுப்புவதை அன்றுதான் பார்த்தேன். உள்ளே இருவரும் ஒரே சோபாவில், கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஏனோ அந்தக் காபியை முழுதாகக் குடிக்க முடியவில்லை.

ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. எங்கள் ஊரில் காபி இல்லை, டீ. அவ்வளவுதான் வித்தியாசம். வருகிற ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் மாத்திரையை எதோடு விழுங்குகிறாய் என்றுதான் முதலில் கேட்கிறேன். சைதாப்பேட்டை விஷயம் இன்னும் "பார்க்கலாம்" என்றே இருக்கிறது. நான் விடுவதாக இல்லை.

இன்று காலை வித்யா போன் செய்தாள். "ஏறியிருக்குடி. ஊசி வேண்டாம்னுட்டா" என்றாள். பின்னாலிருந்து ரகுவின் குரல் கேட்டது.

"மணி எட்டாயிடுத்து. ரெண்டு பேருக்கும் கலக்கட்டுமா?"