படத்துக்குள் இருந்த சங்கு

என் தங்கை மேல் எனக்கு ஏற்கெனவே பொறாமை உண்டு. அவளுக்குச் சுருட்டை முடி. கன்னத்தில் குழி வேறு. இவை போதாதென்று, நான் ஆறாவது படிக்கும்போது சித்தப்பா ஒரு படத்தைக் கொண்டுவந்து என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டார்.

சித்தப்பாவுக்கு மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஓட்டலில் ரிசப்ஷன் வேலை. அறையைக் காலி செய்யும் வெள்ளைக்காரர்கள் வேண்டாமென்று கொடுப்பதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும். அன்று வந்தது காலண்டர் அளவில் ஒரு படம். படமென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை, கலர் கோலமாவைக் கொட்டிக் கலைத்த மாதிரி பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள்.

"மூக்குல ஒட்டி வச்சிக்கினு, படத்தைத் தாண்டி எங்கியோ பாக்குற மாதிரி பாரு. அப்டியே மெதுவா தள்ளு. உள்ளேர்ந்து ஒண்ணு எழும்பி வரும்" என்றார்.

தங்கை மூக்கை வைத்தாள், தள்ளினாள், "ஐயோ, சங்கு!" என்று கத்தினாள்.

எங்கள் வீட்டை ஆண்டவள் அப்பாவின் அக்கா, என் அத்தை. அவளும் பார்த்தாள். "ஆமாண்டி, சங்குதான் கீது. பெருமாள் கையில கீதே, அதேதான்!" அது நத்தை என்று வெள்ளைக்காரரே சொன்னதாகச் சித்தப்பா மெல்ல ஆரம்பித்தார். அத்தை முறைத்தாள். அத்தை முறைத்தால் எங்கள் வீட்டில் நத்தை சங்காகிவிடும். அப்பாவுக்கும் சங்கு தெரிந்தது. கடைசியாக வாங்கிப் பார்த்த அம்மா, "தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன.

படம் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஏறியது. வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் கற்பூரம். தெருவிலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பவள் என் தங்கை. அவள் கண்ணே தெய்வக் கண் என்று ஒரு மாமி சொல்லிவிட்டுப் போனார்.

நான் பள்ளிவிட்டு வந்ததும் படத்தின் முன்னால் நிற்பேன். கண்ணில் தண்ணீர் கொட்டும், சங்கு வராது. தங்கை பின்னால் வந்து, "அதோ பாருக்கா, உனுக்குக் கிட்டக்கதான் கீது" என்று கை நீட்டுவாள். அவள் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாசி மகத்தன்று பெருமாள் கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போகும் வழியில் எங்கள் வாசலில் நிற்பார். தேங்காய்ப் பழத் தட்டை நீட்டுவது வீட்டின் மூத்த பெண், அதாவது நான். நீட்டியவள் கையில் பட்டர் சாமி மாலையிலிருந்து ஒரு துண்டு தருவார். அதைத் தலையில் வைத்துக்கொண்டு கடற்கரை முழுக்க உலாத்தலாம். வருடத்தில் தங்கையைவிட நான் உசத்தியாக இருந்த ஒரே நாள் அது.

அந்த வருடம் காலையிலேயே அத்தை சொல்லிவிட்டாள். "பெருமாள் சங்கே கண்ணுல படல. இவ இன்னாத்துக்குத் தட்டு நீட்றது? சின்னவ நீட்டட்டும்."

அம்மா எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று அவளைப் பார்த்தேன். அம்மா தேங்காய் நாரைப் பிய்த்துக்கொண்டே, "அண்ணி சொன்னா சரிதான்" என்றாள்.

தங்கை தட்டை நீட்டினாள், மாலைத் துண்டை வாங்கினாள். அதில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் தலையில் அந்தப் பூ இருந்தவரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் தலை வாரிவிடும்போது அம்மா, "வுடுடி, அதுல இன்னா பெருசா கீது" என்றாள்.

"உனக்குத் தெரியுது. நீ சொல்லுவ" என்றேன்.

சீப்பு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பின்னலை முடித்தாள்.

அத்தை போய்ச் சேர்ந்து பல வருடம் கழித்து, கண்புரைக்காக அம்மாவைச் செங்கல்பட்டில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் அம்மாவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஒரு பெரிய ஈயின் படத்தைக் காட்டி, "இறக்கையைப் பிடிங்க" என்றார். இறக்கை மேலே எழும்பித் தெரிகிறவர்கள் காற்றில் பிடிப்பார்களாம். அம்மா தாளையே நகத்தால் கிள்ளினாள்.

"ரெண்டு கண்ணும் பார்க்கறத மூளை ஒண்ணா சேர்த்தாத்தான் மேடு பள்ளம் எழும்பித் தெரியும். இவங்களுக்குச் சின்ன வயசிலேயே லேசா மாறுகண் இருந்திருக்கு. மூளை ஒரு கண்ணைக் கணக்கில எடுத்துக்கல. இது குடும்பத்துலயும் வரும். நீங்களும் ஒருதடவை பார்த்துக்கலாமே" என்றார். எனக்குத் தேவைப்படவில்லை, அந்தப் புள்ளிகளே சொல்லிவிட்டன.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "அப்போ அந்தச் சங்கு?"

"எங்கடி தெரிஞ்சுது? எல்லாரும் தெரியுதுன்னாங்கோ. நான் வாழ வந்தவ, எனக்கு மட்டும் தெரியலன்னு எப்டிச் சொல்றது?"

அந்த மாசி மகத்தன்று அம்மா அத்தைக்கு ஆமாம் போட்டதை, அவளும் தங்கை பக்கம் சேர்ந்துவிட்டாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன். எனக்காக ஒரு வார்த்தை பேசியிருந்தால், அத்தை அடுத்ததாக 'எங்க கீது, காட்டு' என்று அவளைத்தான் படத்தின் முன்னால் நிற்கவைத்திருப்பாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.