செல்லாயி கடைக் கஞ்சி

எனக்காகப் பார்த்துப் பார்த்துக் கஞ்சி காய்ச்சிய ஒரு பெண்ணின் மேல் நான் பொய்ப் பழி போட்டேன்.

அறுபதுகளில் கொல்லிமலை செம்மேட்டில் ஆசிரியராக இருந்தேன். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிட வேண்டும், இனிப்பு ஆகாது. சந்தையருகே கடை வைத்திருந்த செல்லாயிதான் எனக்குச் சாமைக் கஞ்சி காய்ச்சுவாள். இரண்டு கரண்டிக்கு மேல் கேட்டால், "அறுத்த வயிறுங்க சாமி, ஆசைப்படாதீங்க" என்று சட்டியை மூடிவிடுவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு சந்தை நாளில், யாருக்கும் தெரியாமல் பலாச்சுளையைத் தேனில் தோய்த்து வயிறு முட்டத் தின்றேன். அரை மணியில் வியர்த்துக் கொட்டி, சந்தை நடுவே விழுந்தேன்.

"என்னங்க சாப்பிட்டீங்க?" என்று தூக்கியவர்கள் கேட்டார்கள்.

பத்தியம் தவறாதவன் என்ற பெயரை இழக்க மனமில்லை. "செல்லாயி கடைக் கஞ்சி" என்றேன்.

அடுத்த சந்தைக்கு அவள் கடையில் ஆளே இல்லை. வெட்கத்தை விட்டு எல்லார் முன்னும் உண்மையைச் சொன்னேன்.

"வாத்தியாருக்கு இளகின மனசுங்க. அவளுக்காகப் பழியைத் தன் மேல போட்டுக்கறாரு" என்றார்கள்.

எத்தனை முறை சொன்னாலும் அதே பதில்தான். தினமும் அவள் கடையிலேயே சாப்பிட்டேன். அதையும் என் நல்ல குணம் என்றார்கள்.

செல்லாயி கடையை மூடினாள். "பொய்யை ஒரே தரம்தானுங்க சொன்னீங்க, நம்பிட்டாங்க" என்று சட்டிகளைக் கட்டிக்கொண்டு போனாள்.

அதன்பின் நான் இனிப்பைத் தொட்டதில்லை. அதற்கும் ஊர் என்னைத்தான் மெச்சுகிறது.