கோயிலுக்குப் போறேன்னு சொல்லி ஏறின பஸ்

எங்க வீட்ல நான் தனியா வெளிய கிளம்பணும்னா ஒரே ஒரு காரணம்தான் செல்லும். கோயில். கடைக்குப் போறேன்னா, "எதுக்கும்மா, போன்ல போட்டா வீட்டுக்கே வந்துருமே"ம்பான் பையன். நடந்துட்டு வரேன்னா என் முழங்காலை எனக்கே ஞாபகப்படுத்துவான். சும்மா எங்கயாவது உக்காந்துட்டு வரேன்னு சொல்லிட்டா போச்சு, உடம்புக்கு என்னவோன்னு டாக்டருக்கு போன் போட்டுருவான். ஆனா ஸ்ரீரங்கத்துல வயசான பொம்பளை "பெருமாளை சேவிச்சிட்டு வரேன்"னு செருப்பை மாட்டினா, எமன் வந்து வாசல்ல நின்னாலும் ஓரமா ஒதுங்கி வழி விடுவான்.

கொரோனா வந்துச்சு, போச்சு. என் பையனோட ஆபீஸ் மட்டும் எங்க வீட்டை விட்டுப் போகல. ரெண்டு ரூம் பிளாட். சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ். காதுல எதையோ செருகிக்கிட்டு நாள் பூரா யார்கிட்டயோ இங்கிலீஷ்ல மன்னிப்பு கேட்டுக்கிட்டே இருப்பான். அந்த நேரத்துல நான் மிக்ஸி போடக் கூடாது. குக்கர் விசில் அடிச்சா என்னை முறைப்பான், என்னமோ நான்தான் வாயில விரலை வெச்சு அடிச்ச மாதிரி. இருமல் வந்தா பாத்ரூமுக்குள்ள போய் இருமிட்டு வரணும். டீ மட்டும் சத்தமில்லாம வந்துக்கிட்டே இருக்கணும். வாய் விட்டு கேக்க மாட்டான், மீட்டிங் ஓடுதில்ல. காலி டம்ளரைத் தூக்கிக் காட்டுவான்.

மருமகளைக் குத்தம் சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனா இடம் குடுக்க மாட்டேங்குறா. அரியமங்கலத்துல ஒரு பட்டறையில கணக்கு பாக்குறா. காலைல ரெண்டு பஸ் மாறிப் போவா. திரும்பி வரும்போது மூஞ்சில அந்த ரோட்டு புழுதி பூரா அவளோடதான் வரும். பேத்தி கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல. அதனால அடுப்பு, துணி, பால், தண்ணி மோட்டார் எல்லாம் நான். செய்யாதீங்கன்னு அவளும் சொல்லிப் பாத்தா. நான் செய்யலேன்னா அவதான் வந்து செய்யணும். அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க எனக்கு இன்னும் அவ்வளவு வயசாகல.

ஒருநாள் மத்தியானம் நெஜமாவே கோயிலுக்குத்தான் கிளம்பினேன். ஏதோ விசேஷம், கூட்டம் தெரு வரைக்கும் நிக்குது. என் முழங்கால் அதைப் பாத்த உடனே கும்பிட்டு முடிச்சிருச்சு. பஸ் ஸ்டாப்புல போய் உக்காந்தேன். மூஞ்சில ரோஸ் பெயிண்ட் அடிச்ச ஒண்ணாம் நம்பர் பஸ் காலியா வந்து எனக்கு நேரா நின்னுச்சு. அந்த பஸ்ல பொம்பளைங்களுக்கு காசு கிடையாது. கண்டக்டர் தம்பி படியில நின்னுக்கிட்டு, "ஏறுங்க பாட்டி, சீட்டு இருக்கு"ன்னுச்சு. ஒருத்தர் மரியாதையா கூப்பிடும்போது போகாம இருந்தா நல்லாவா இருக்கும்? ஏறிட்டேன்.

எங்க இறங்கணும்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியல. கடைசியிலன்னு சொன்னேன். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுன்னு ஒரு சீட்டு கிழிச்சுக் குடுத்துச்சு. அங்க போனதும் இறங்காம, "வந்த வழியே திரும்பிப் போகுமா"ன்னேன். அந்தத் தம்பி என்னை ஒரு மாதிரி பாத்துட்டு இன்னொரு சீட்டு கிழிச்சுச்சு.

ஜன்னல் சீட்டுல உக்காந்தது எனக்கு அதுதான் முதல் தடவைன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. கல்யாணமான புதுசுல ஜன்னல் நாத்தனாருக்கு. அப்புறம் வாந்தி எடுக்குற பிள்ளைக்கு. அப்புறம் வீட்டுக்காரருக்கு, அவருக்குக் காத்து வேணும். எனக்கு எப்பவும் நடைபாதை ஓரம், மடியில பை, தோள்ல நிக்குறவங்க இடுப்பு. ஊர் பூரா போயிருக்கேன், எதையும் பாத்ததில்ல.

பஸ்ல பொம்பளைங்க பக்கம் இடது கைப் பக்கம். காவேரிப் பாலத்துல போகும்போது அந்த ஜன்னல்ல மலைக்கோட்டை வரும். திரும்பி வரும்போது அதே ஜன்னல்ல ராஜகோபுரம் வரும். சீட்டு மாற வேண்டாம், கழுத்தைத் திருப்ப வேண்டாம். கீழ தண்ணி இருந்தா தண்ணி, இல்லேன்னா மணல். மணல்ல யாரோ வேட்டியை நீளமா காயப் போட்டிருப்பாங்க. பாலக்கரைப் பக்கம் ஒரு மெத்தைக் கடை. கடைக்கார பாய் ஒவ்வொரு தலகாணியையும் தைச்சு முடிச்சிட்டு, மேசை மேல வெச்சு, அதுல தன் தலையை வெச்சு ஒரு நிமிஷம் கண்ணை மூடிப் பாப்பாரு. அப்புறம்தான் கட்டுல சேப்பாரு. நாள் பூரா படுத்து எந்திரிக்கிறவரு, தூங்குனதே இல்லை போலிருக்கு, கண்ணுக்குக் கீழ அவ்வளவு கருப்பு. அவரைப் பாத்தா எனக்கு சொந்தக்காரர் மாதிரி தோணும்.

அன்னையிலேருந்து மூணு மணிக்கு டீயைப் போட்டு பிளாஸ்க்குல ஊத்தி வெச்சிட்டு, "கோயிலுக்கு"ன்னு கிளம்பிருவேன். வரும்போது பூக்காரிகிட்ட கொஞ்சம் துளசி வாங்கி தலைல வெச்சுக்குவேன். சாட்சிக்கு. பிரசாதம் எங்கம்மான்னு பையன் கேட்டா, கூட்டம்டா, எனக்கு முன்னாடியே தீந்து போச்சும்பேன். அவனும் பெருமாளைச் சந்தேகப்பட முடியாதே.

பஸ்ல போய் என்ன பண்ணுவேன்னு கேட்டா, ஒண்ணும் பண்ண மாட்டேன். அதைச் சொல்றதுக்குத்தான் எனக்கு வெக்கமா இருந்துச்சு. நான் வாயாடி. எங்க குடும்பத்துல எழவு வீட்லகூட என்னைப் பக்கத்துல உக்கார விட மாட்டாங்க, சிரிப்பு வந்துரும்னு. எனக்குப் பேச்சுதான் உசுருன்னு நானே நினைச்சிருந்தேன். பஸ்ல யாராவது பக்கத்துல உக்காந்து பேச்சு குடுத்தா, காது கேக்காத மாதிரி இருந்துக்கிட்டேன். அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, எனக்குப் பேச்சு அப்படி ஒண்ணும் பிடிக்காதுன்னு. புகுந்த வீட்ல சண்டை வரும்போதெல்லாம் நான்தான் எதையாவது சொல்லி சிரிக்க வெப்பேன். அதுவும் பாத்திரம் தேய்க்கிற மாதிரி ஒரு வேலைதான் போலிருக்கு. இத்தனை வருஷமா அதையும் சேத்து செஞ்சிருக்கேன், சம்பளமில்லாம. ஜன்னலுக்கு நான் சிரிப்பு காட்ட வேண்டாம். அது தன்னால ஓடுது.

அப்படியே விட்டிருந்தா எனக்கு ஒரு குறையும் இல்ல. என் பையன்தான் கெடுத்தான். பெருமை தாங்காம தொட்டியத்துல இருக்குற என் நாத்தனார்கிட்ட, அம்மா தினம் பெருமாளை சேவிக்கிறாங்கன்னு சொல்லிட்டான். உடனே போன் வந்துச்சு, பேரனுக்கு துபாய் வேலை கிடைக்கணும்னு வேண்டிக்கச் சொல்லி. எதிர் பிளாட்டுல இருக்குற அம்மாவுக்கு விஷயம் போச்சு. அவங்க பொண்ணுக்கு ரொம்ப நாளா வரன் அமையல. ஜாதகத்து ஜெராக்ஸையே என் கையில குடுத்து பாதத்துல வெக்கச் சொன்னாங்க. நான் எந்தப் பாதத்துல வெக்கிறது, டிரைவர் பாதத்துலயா?

பாவமா இருந்துச்சு. அதனால திரும்பி வரும்போது பாலத்து மேல கோபுரம் தெரியுற நேரத்துக்கு எல்லார் விஷயத்தையும் வரிசையா சொல்லிருவேன். பெருமாளே, தொட்டியம் துபாய் விஷயம். எதிர் வீட்டு வரன் விஷயம். டிரைவர் கொஞ்சம் வேகமா போனா பாதிதான் சொல்ல முடியும். மீதி மறுநாள். மனு எதுவும் விட்டுப் போகக் கூடாதுங்குற கவலையில, மணலும் தெரியல, வேட்டியும் தெரியல.

பெருமாளுக்கும் குறும்பு. எதிர் வீட்டுப் பொண்ணுக்கு வரன் அமைஞ்சிருச்சு.

அந்தம்மா ஒரு டப்பா மைசூர்பாக்கோட வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாங்க. இனிமே தினம் நானும் உங்ககூட கோயிலுக்கு வர்றேன், உங்க கைராசியிலதான் எல்லாம் நடக்கணும்னு சொன்னாங்க. சொன்னபடியே மறுநாள் மூணு மணிக்கு பட்டுப்புடவையோட வாசல்ல நிக்குறாங்க. வேற வழி? போனேன். வரிசையில நின்னேன். நல்ல மனுஷி, ஆனா ஒரு நிமிஷம் வாய் ஓயல. கல்யாண மண்டபத்துலேருந்து பந்தியில அப்பளம் பெருசா சின்னதா வரைக்கும் என்கிட்டதான் யோசனை. நானும் பழக்கதோஷத்துல சிரிக்க வெச்சுக்கிட்டே வந்தேன். தினமும் இதே கதை. பெருமாளை நல்லா சேவிச்சேன், இல்லேன்னு சொல்லல. ஆனா அவரு படுத்துக்கிட்டிருக்காரு, நான் நிக்குறேன். அந்தக் கல்யாணம் வைகாசியில. அதுவரைக்கும் இதுதான்னு நினைச்சப்போ எனக்கு அசந்து போச்சு. என் ஒரே ஜன்னலையும் பிடுங்கிட்டாங்க. பிடுங்கினது யாருன்னு பாத்தா, நான் சொன்ன பொய்தான்.

ஒருநாள் மருமக வேலைலேருந்து வந்தா. செருப்பைக் கழட்டினா, பையைத் தோள்லேருந்து இறக்காமலே அடுப்படித் தரையில உக்காந்துட்டா. நான் மாவு கரைச்சுக்கிட்டிருந்தேன்.

"அத்தை, நாளைக்கு கோயிலுக்குப் போனா எனக்கும் ஒண்ணு வேண்டிக்குங்க."

எனக்குப் பகீர்னுச்சு. இவளுமான்னு. "என்னன்னு வேண்டிக்கணும்?"

"பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான்."

வேற யார் வேற எதைக் கேட்டிருந்தாலும் தலையை ஆட்டிட்டு அடுத்த வேலையைப் பாத்திருப்பேன். இதுக்கு மட்டும் என்னால பொய் சொல்ல முடியல. கையைக் கழுவிட்டு அவ பக்கத்துல மெதுவா உக்காந்தேன். உக்காந்தா எந்திரிக்க ஒரு ஆள் வேணும், அது தெரிஞ்சும் உக்காந்தேன்.

"அதுக்குப் பெருமாளைத் தொந்தரவு பண்ண வேண்டாம்மா. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸே போதும்"னேன்.

எல்லாத்தையும் சொன்னேன். துளசி, ஜன்னல், பாலத்து மேல மனு குடுத்தது வரைக்கும். கோவிச்சுக்குவான்னு நினைச்சேன். அவ சுவத்துல தலையைச் சாச்சுக்கிட்டு கேட்டுக்கிட்டே இருந்தா.

"அப்ப எதிர் வீட்டு வரன்?"

"அது பஸ்ல வேண்டினது."

முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு சிரிச்சா, உள்ள மீட்டிங் ஓடுதில்ல. சிரிச்சுக்கிட்டே இருந்தவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. துடைச்சிட்டு, "உங்களுக்கு இந்த வீடு அவ்வளவு சலிப்பா அத்தை?"ன்னா.

இல்லேன்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். ஒரு தமாஷ்கூட தயாரா நாக்கு நுனியில இருந்துச்சு. சொல்லல. "ஆமாம்மா"ன்னேன். "உனக்கு?"

அவ எந்திரிச்சு நின்னு, கையைக் குடுத்து என்னைத் தூக்கி விட்டா.

மறுநாள் காலைல அவளே எதிர் வீட்டுக்குப் போய், அத்தைக்கு ஒரு மண்டலம்தான் கணக்கு, முடிஞ்சிருச்சு, இனிமே நீங்க நேரா கேட்டாத்தான் பெருமாள் குடுப்பாருன்னு சொல்லிட்டு வந்துட்டா. கணக்கு எழுதறவ, நம்பாம இருப்பாங்களா. என் பொய்யைவிட அவ பொய் நல்லா நின்னுச்சு. அப்புறம் வேலைக்குக் கிளம்பும்போது, வாசல்ல நின்னுக்கிட்டு என் பையன்கிட்ட சொன்னா:

"அத்தை மத்தியானம் வெளிய போயிட்டு வருவாங்க. எங்க, எதுக்குன்னு கேக்காதீங்க."

அவன் காதுல இருந்ததைக் கழட்டினான். என்னைப் பாத்தான், அவளைப் பாத்தான். என்ன நடக்குதுன்னு கேப்பான்னு பாத்தா, "அப்ப டீ?"ன்னான்.

"டீத்தூள் ரெண்டாவது தட்டுல இருக்கு"ன்னுட்டு அவ படியிறங்கிப் போயிட்டா.

சனிக்கிழமை அவளுக்குப் பாதி நாள்தான் வேலை. மூணு மணிக்கு ஸ்டாப்புக்கே வந்து நின்னா, நானும் வர்றேன் அத்தைன்னா. உண்மையைச் சொல்றேன், எனக்குப் பிடிக்கல. இது என்னோடது. இதையும் பங்கு போடணுமான்னு இருந்துச்சு. மூஞ்சியைப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்ல வரல. ஒரே ஒரு சட்டம் போட்டேன். ஆளுக்கொரு ஜன்னல், பேச்சு கிடையாது. சரின்னா. ஏறி, ரெண்டு சீட்டு தள்ளி முன்னாடி போய் உக்காந்தா.

கண்டக்டர் தம்பி வந்துச்சு. "என்ன பாட்டி, ரொம்ப நாளா காணோம். இன்னைக்குத் துணைக்கு ஆளா?"

"அது யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா."

முன்னாடி அவ தோள் குலுங்குனது தெரிஞ்சுது. திரும்பல. சட்டம்னா சட்டம்.

முதல்ல போனைத்தான் பாத்துக்கிட்டிருந்தா. மாம்பழச்சாலை தாண்டினதும் பையில போட்டுட்டா. பாலத்துல ஏறும்போது ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு சின்னப் பொண்ணு மாதிரி கீழயே பாத்துக்கிட்டு வந்தா. மெத்தைக் கடை வர்றப்போ, தோ பாரு பாய்னு சொல்ல எனக்கு நாக்கு துடிச்சுது. சொல்லல. அவளா பாத்தா பாக்கட்டும். சென்ட்ரல் போய் பஸ் திரும்பினதும் அவ தலை மெதுவா சரிஞ்சு கம்பியில சாஞ்சுது. தூங்கிட்டா. பள்ளத்துல ஏறி இறங்கினாலும் முழிக்கல. ராஜகோபுரம் வந்துச்சு, போச்சு. எனக்கு அன்னைக்கு கேக்குறதுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா பாத்தேன்.

ஸ்ரீரங்கம் வந்துருச்சு. எல்லாரும் இறங்கிட்டாங்க. அவ மடியில இருந்த பைக்குள்ள போன் அடிக்க ஆரம்பிச்சுது. நான் எந்திரிச்சுப் போய் அந்தப் பையை மெதுவா உருவினேன். கண்டக்டர் தம்பி அவளைத் தட்டி எழுப்ப வந்துச்சு.

"எழுப்பாதப்பா. மறுபடி எப்பக் கிளம்பும்?"

"டிரைவரு டீ குடிச்சிட்டு வந்ததும். ஏன் பாட்டி, யாருன்னே தெரியாதுன்னீங்க?"

"தெரியாதுதான். கொஞ்சம் தூங்கட்டும்."

அது சிரிச்சுக்கிட்டே எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணுன்னு ரெண்டு சீட்டு கிழிச்சுக் குடுத்துட்டு இறங்கிப் போச்சு. நான் அவளுக்குப் பின்சீட்டுல உக்காந்து, பையைத் தொடைக்கு அடியில வெச்சு அமுக்கினேன். போன் உள்ளுக்குள்ள கொஞ்ச நேரம் நடுங்கிட்டு நின்னுச்சு. மறுபடி நடுங்குச்சு. இன்னும் கொஞ்சம் அழுத்தி உக்காந்துக்கிட்டு வெளிய பாத்தேன்.