வெயிலுக்கு உறை தைத்த வீடு

குற்றாலத்துச் சாரலில் குடையைப் பிடித்துக்கொண்டு வெயில் விற்பதுதான் நம்ம தொழில். வீட்டு மாடியில் சோலார் பேனல் மாட்டி, அதற்கு அரசாங்கம் தருகிற மானியத்தையும் வாங்கிக் கொடுக்கிறேன். ஏதாவதொரு மானியத்துக்காக ஒரே ஆதாரை மூன்று தடவை ஜெராக்ஸ் எடுத்தவர்கள் இருந்தால் இப்படி வந்து உட்காருங்கள், நீங்கள் நம்ம ஆள்.

சாரலில் ஒரு வியாபாரம்

ஆனி மாதம். குற்றாலத்தில் ஒரு பழக்கடைக்காரர் வீடு. பேனலில் நிழல் விழுமா என்று பார்க்க மாடி ஏறினேன். நிழல் விழ முதலில் வெயில் வேண்டாமா? மேகம் மூடி மலையையே காணவில்லை. நனைந்த பேப்பரைப் பிடித்துக்கொண்டு, வருஷம் முழுக்கப் பார்த்தால் வெயில் தாராளம் என்று தொண்டை வற்றப் பேசினேன். அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதான் தம்பி. சாரலுக்கு ஏதும் மானியம் உண்டான்னு கேட்டுச் சொல்லு, இப்பவே கையெழுத்துப் போடுதேன்."

பட்டுச்சேலை

யார் பெயரில் மின் இணைப்போ அவரே பேனல் பக்கத்தில் நிற்கிற படம் மானியத்துக்கு வேண்டும். இலத்தூரில் ஒரு டீச்சரம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டு மாடியில் காத்திருந்தேன். அரை மணி நேரம் ஆளைக் காணோம். கடைசியில் பட்டுச்சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ, கழுத்தில் நகை என்று இரும்பு ஏணியில் ஏறி வருகிறார். ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"கவர்மெண்ட்டு பாக்குத படம்லா தம்பி, நைட்டியோடயா நிக்கது?"

பிரிக்காத ரிமோட்

தென்காசி சாகுல் அண்ணாச்சி என்னைத் தேடி வந்த ஆள். வளைகுடாவில் கட்டட வேலை. நாள் முழுக்க வெயிலில் நிற்கிற மனுஷன். ஒரு மாத லீவில் வந்திருந்தார். போன வருஷம்தான் அங்கிருந்தே சொல்லி வீட்டில் ஏசி மாட்ட வைத்திருக்கிறார். வீட்டில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிற அவர் மனைவி ஜமீலா அக்கா, போனில் கேட்கும்போதெல்லாம் 'ஏசி ஓடுது' என்றிருக்கிறார். வந்து பார்த்தால் ஏசிக்குப் பூப்போட்ட உறை! ரிமோட்டின் பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்கவில்லை. எல்லாம் கரண்டு பில்லுக்குப் பயந்துதான்.

"நான் போறதுக்குள்ள மாட்டிரு. கரண்டு நம்ம மாடியிலயே வருதுன்னாதான் இவ ஏசியைத் தொடுவா" என்றார் அண்ணாச்சி. இணைப்பு அவர் பெயரில். படம் எடுக்காமல் விமானம் ஏறிவிட்டால் மானியம் அடுத்த லீவுக்குத்தான். 'ஏன்க்கா பொய் சொன்னீங்க?' என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஓடலைன்னு சொன்னா அவிய அங்கன நிம்மதியாத் தூங்குவாவளா தம்பி?"

படம் எடுத்த நாள்

ஒருவழியாக மாட்டி முடித்தோம். மின்சார ஆபீஸ் இன்ஜினியர் பார்வையிட வந்தது, அண்ணாச்சி கிளம்புகிற அன்று காலையில். திருவனந்தபுரம் போகிற கார் வாசலில் நிற்கிறது. நல்லவேளையாகச் சாரல் நின்று சுள்ளென்று வெயில். பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டரைப் போட்டேன், உயிரே இல்லை. ஒயரைத் திருகினேன், ஸ்விட்சைத் தட்டினேன். ம்ஹூம். இன்ஜினியர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மாடிக்கு ஓடினால், ஐயையோ! பேனல் ஒவ்வொன்றுக்கும் எலாஸ்டிக் வைத்துத் தைத்த பூப்போட்ட உறை. ஓரத்தில் ஃபிரில் வேறு. அந்த வீட்டில் மிக்சி, பிரிட்ஜ், டிவி எல்லாமே உறைக்குள்தான் இருக்கும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பின்னாலேயே ஏறி வந்த இன்ஜினியர் சிரித்துச் சிரித்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். உறைகளை உருவியதும் இன்வெர்ட்டர் ஓடியது. பயணத்துக்குப் போட்ட புதுச்சட்டையோடு அண்ணாச்சி வந்து நிற்க, கீழே கார் ஹாரன் அடிக்க, படத்தை எடுத்துவிட்டேன். அக்காவுக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. உறைகளை மடித்துக்கொண்டே இருந்தார்.

"இம்புட்டு வெல குடுத்து வாங்குன சாமானை ஆராவது வெயில்ல போடுவாவளா?"

போர்வை

மாடிக் கரண்டையும் கணக்கில் எடுக்கிற புது மீட்டர் வந்தது, மானியமும் வந்தது. இரண்டு மாதம் கழித்து அண்ணாச்சியின் குரல் வாட்ஸ்அப்பில்: "ஏலே, அவகிட்ட கேட்டா ஓடுதுன்னுதான் சொல்லுவா. நீ ஒரு எட்டு நேர்ல போய்ப் பாத்துச் சொல்லு." பேனல் துடைக்கிற சாக்கில் உச்சிவெயிலில் போய்க் கதவைத் தட்டினேன். அக்கா திறந்தார், உடம்பைச் சுற்றிப் போர்வையோடு! உள்ளே ஏசி ஜம்மென்று ஓடுகிறது. தையல் மெஷின் அந்த அறைக்கே குடிவந்துவிட்டது. 'அண்ணாச்சிட்ட சொல்லிரட்டாக்கா?' என்றேன். அக்கா பதறிவிட்டார்.

"ஓடுதுன்னு மட்டும் சொல்லு தம்பி, குளிருதுன்னு சொல்லிராத. அவிய அங்கன வெயில்ல நிக்காவ."

அண்ணாச்சிக்கு 'ஓடுது' என்று மட்டும் அனுப்பினேன். வெயில் விற்கிறவனுக்கு அன்றிலிருந்து குளிரை மறைக்கிற வேலையும் சேர்ந்துகொண்டது.