லாபிஸ் திடலில் ஒரு நாடா

மலேசியாவின் லாபிஸ் தமிழ்ப்பள்ளித் திடல். காலை எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ரக்பி லீக் என்ற பந்தாட்டத்தைச் சொல்லிக்கொடுக்க சிட்னியிலிருந்து வந்திருக்கிறேன். சிறுவர் ஆட்டம் என்பதால் இடித்துத் தள்ளுவது கிடையாது. பந்தோடு ஓடுபவரின் இடுப்பில் தொங்கும் நாடாவை உருவிக் கீழே போட்டுவிட்டு, உடனே அடுத்த ஆளைத் தடுக்க ஓட வேண்டும்.

ஷாலினி என்ற சிறுமி பாய்ந்து ஒரு பையனின் நாடாவை உருவுகிறாள். கீழே போடவில்லை. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல அவனிடம் நீட்டுகிறாள். அதற்குள் எதிரணி கோட்டைத் தாண்டிவிடுகிறது.

"கீழே போடும்மா!" மூன்றாவது முறையாகக் கத்துகிறேன்.

"அடுத்தவங்க பொருள எப்படி சார் மண்ணுல போடுறது?" என்கிறாள்.

வகுப்பாசிரியை தேவி சிரிக்கிறார். "அது இவங்களுக்கு வராது லா சார். நீங்க ரூல மாத்துங்க."

மாற்றுகிறேன். நாடா கைமாறும்வரை எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும். ஆட்டம் சூடுபிடிக்கிறது.

கடைசியில் என்னையும் உள்ளே இழுக்கிறார்கள். பந்தோடு நாலு எட்டு வைப்பதற்குள் ஷாலினி என் நாடாவை உருவி, அதேபோல் நீட்டுகிறாள். மூச்சு வாங்க, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நன்றிம்மா" என்கிறேன். இத்தனை வருட ஆட்டத்தில், என்னைப் பிடித்தவருக்கு நான் நன்றி சொல்வது இதுதான் முதல் முறை.