இருநூறு பகிடிகளும் ஒரு பிஸ்கட் டின்னும்

எனக்குக் கணினி பற்றி அதிகம் தெரியாது என்பதை என்னைத் தவிர எல்லோரும் அறிந்திருந்த காலம் அது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகள். பதுளையில் ஒரு தேயிலைக் கம்பெனியின் பிராந்திய அலுவலகம். அங்கே குளிரூட்டி பூட்டிய ஒரே அறை என்னுடையது. அந்தக் குளிர் கணினிப் பெட்டிக்காக, மனிதனுக்காக அல்ல. நான் மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஏதோ பெரிய விஞ்ஞானி போலத் தெரியும். அந்தத் தோற்றத்துக்காகவே சம்பளமில்லாமலும் வேலை செய்திருப்பேன்.

மடுல்சீமை, நமுனுகுல, ஹாலிஎல ஆகிய மூன்று இடத்துத் தோட்டங்களின் கணினிகளும் தொலைபேசி வழியாக எங்கள் பெட்டியோடு பேசும். எங்கள் பெட்டி கொழும்போடு பேசும். மழை பெய்தால் மடுல்சீமை லைன் செத்துவிடும். வெயில் அடித்தால் வேறு ஏதாவது. ஆகவே ஒரு செய்தியை அனுப்பினால், மறுமுனை உயிர்பெறும்வரை அது எங்காவது காத்திருக்க வேண்டும். அது காத்திருக்கும் இடத்துக்குப் பெயர் செய்தி வரிசை. கொழும்பில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்கள் முழிபிதுங்கி நின்றபோது எனக்கு மட்டும் எல்லாம் சட்டென்று விளங்கியது. மூளை காரணமல்ல. தொண்ணூறுகளில் நான் நமுனுகுலத் தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிளாக்கராக இருந்து தபால் பார்த்தவன்.

அந்த ஆபீஸில் சுவரோரமாக ஒரு மர அலமாரி. சதுரம் சதுரமாகப் பொந்துகள். தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு பொந்து. கடிதத்தைப் போட்டால் ஆள் வந்து எடுக்கும்வரை அங்கேயே கிடக்கும். அதுதான் உள்ளூர் வரிசை. ‘கொழும்பு’ என்று எழுதிய பொந்துக்கு மட்டும் பின்பலகை கிடையாது. போட்டது நேரே பின்னால் தொங்கும் தபால் பைக்குள் விழும். பொந்தில் பெயர்தான் உண்டு, கடிதம் தங்காது. அது தொலைவரிசை. அந்தப் பை, அனுப்பு வரிசை. ‘சின்னதுரை’, அதாவது உதவி மனேஜர், என்று ஓர் அட்டை ஒட்டியிருக்கும். சின்னதுரைமார் வருவார்கள், போவார்கள், அட்டை மாறாது. அந்தப் பெயருக்கு வருவதை இப்போது யார் சின்னதுரையோ அவர் இருக்கும் டிவிஷன் பொந்தில் போடுவோம். அது மாற்றுப்பெயர் வரிசை. கொழும்பிலிருந்து யாராவது வந்து நாலு நாள் தங்கினால் ஒரு சப்பாத்துப் பெட்டியில் அவர் பெயரை எழுதி மேசைமேல் வைப்போம். ஆள் ஜீப் ஏறியதும் பெட்டி அடுப்புக்குப் போகும். தற்காலிக வரிசை.

பதிவுத் தபாலைப் பையில் போடுமுன் புத்தகத்தில் எழுதுவோம். பை பள்ளத்தில் உருண்டாலும் புத்தகம் இருக்கும். “போற வழியில சொல்லிருங்க” என்று தபால்காரரிடம் வாயால் சொல்லிவிடுவதும் உண்டு. அவர் வழியில் யாரையாவது கண்டு கதைபேச நின்றால் அந்தச் செய்தி அத்தோடு போயிற்று. நிலைக்கும் செய்திக்கும் நிலையாச் செய்திக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

கடைசியாக ஒரு பிஸ்கட் டின். பொந்து நிரம்பி வழிந்தது, ஆள் தோட்டத்தை விட்டுப் போனது, யாருக்கென்றே தெரியாதது எல்லாம் அதற்குள் போகும். சனிக்கிழமைதோறும் டின்னைத் திறந்து, கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று ஒவ்வொரு பெயராகச் சத்தம்போட்டு வாசிக்க வேண்டும். அது என் வேலை. நான் கத்துவேன், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கைதட்டல் இல்லாத மேடை எனக்கு ஆகாது. எந்தச் சாக்குச் சொல்லித் தப்பலாம் என்று வெள்ளிக்கிழமையே யோசிக்கத் தொடங்கிவிடுவேன். அங்கே பெரிய கிளாக்கராக இருந்தவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “டேய் தம்பி, டின்னு உன்னைக் கூப்பிடுது” என்பார்.

அதே பெரிய கிளாக்கர் பின்பு மாற்றலாகி மடுல்சீமைக்குப் போனார். நான் பதுளை விஞ்ஞானி ஆனதும் ‘டேய் தம்பி’ ‘என்னங்க தம்பி’ ஆகிவிட்டது. அந்த ‘ங்க’வில் ஒரு மூட்டை நக்கல் இருக்கும்.

பதுளையில் வரிசைகளை உண்டாக்கியது நான்தான். ஒவ்வொன்றுக்கும் கணினி கேள்வி கேட்கும். எத்தனை செய்தி கொள்ளும்? செய்திக்கு எவ்வளவு ஆயுள்? கரண்ட் போனால் மிஞ்ச வேண்டுமா? வந்த ஒழுங்கில் வெளியேறுவதா, முக்கியமானது முந்துவதா? ‘பொது’ என்று ஒரு வரிசை செய்து இருநூறு என்று போட்டேன். சுற்றறிக்கை, லீவு, மாற்றல் விண்ணப்பம் எல்லாம் அதற்குள் வரும். விண்ணப்பங்களை மட்டும் ஒரு புரோகிராம் பொறுக்கிக் கொழும்புக்குத் தள்ளிவிடும். மற்றவை தோட்டத்துக் கிளாக்கர்மார் வாசிக்க, தம் ஆயுள் முடியும்வரை அங்கேயே கிடக்கும்.

இங்கேதான் எனக்குக் கை அரித்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பொது வரிசையில் ஆட்களைச் சிரிக்கவைக்கப் பகிடி எழுதிப் போடத் தொடங்கினேன். ‘அரை டிக்கட்டில் பஸ் ஏறிய பிள்ளைக்கு மடுல்சீமையில் இறங்கும்போது முழு டிக்கட் வயது’ என்கிற தரத்தில். ஒரு செய்தியை வரிசையிலிருந்து எடுத்தும் வாசிக்கலாம், எடுத்தால் அது போய்விடும். எடுக்காமல் எட்டிப் பார்த்தும் வாசிக்கலாம், அப்போது அது கிடக்கும். என் பகிடிகளை எல்லோரும் எட்டிப் பார்க்க மட்டுமே வைத்தேன். ஆயுள் என்ற இடத்தில் ‘எல்லையில்லை’ என்று போட்டேன். முக்கியத்துவம் ஒன்பது, அதாவது உச்சம். தேயிலை நிறைக்கணக்குக்கே நான் ஐந்துதான் கொடுத்திருந்தேன்.

பக்கத்து மேசையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். ஊழியர் கோப்புகள் அவர் பொறுப்பு. “தம்பி, உம்மட பகிடிக்கெண்டு கம்பனி கம்ப்யூட்டர் வாங்கேல்ல, கண்டீரோ?” என்பார். ஆனால் எட்டிப் பார்ப்பார்.

அந்த வருஷம் ஹாலிஎலத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர் இடம் காலியானது. என் பழைய பெரிய கிளாக்கருக்கு அது வேண்டும். அவர் மனைவிக்குச் சிறுநீரக வருத்தம். வாரத்தில் இரண்டு நாள் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு வரவேண்டும். மடுல்சீமை ரோட்டில் அந்த அம்மா வரும்போதே பாதி உயிர் போய்விடும். ஹாலிஎல என்றால் பஸ் ஏறினால் வந்து இறங்கலாம். விண்ணப்பம் கணினி வழியாக மட்டும், வெள்ளி பகல் பன்னிரண்டுக்குள் கொழும்பில் இருக்க வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள்.

திங்கட்கிழமையே அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை போன் எடுத்தார். “என்னங்க தம்பி, கெடைச்சிச்சுன்னு ஒரு பதிலும் வரலையே?”

“நம்ம சிஸ்டத்துல ஒண்ணும் தொலையாதுங்க. நிம்மதியா இருங்க” என்றேன். அதையே பெரிய எழுத்தில் அடித்துப் பொது வரிசையிலும் முன்பே போட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மனைவியைக் கிளினிக்கில் விட்டுவிட்டு நேரே வந்து என் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தார். குடையிலிருந்து சொட்டியது. அக்கா கொழும்புக்குப் போன் போட்டார்.

“தம்பி, அவையளுக்கு ஒண்டும் வரேல்லையாம்.”

பொது வரிசையைத் திறந்தேன். ஆழம், அதாவது உள்ளே கிடப்பது, இருநூறு. கொள்ளளவு, இருநூறு. மேலிருந்து கீழ்வரை என் பகிடிகள். நான் என் எழுத்தைக் கண்டு பயந்தது அன்றுதான் முதல் தடவை.

“நெறஞ்சிருக்கு” என்றேன். “உங்களோடது உள்ள வர எடமில்லாமப் போயிருக்கு.”

“சரி, எடமில்லாதது எங்க போச்சு?”

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“தம்பி, டின்னு வச்சிருக்கீங்களா?”

வைத்திருந்தேன். இறந்த செய்தி வரிசை. பயிற்சியில் சொன்னார்கள் என்பதற்காக ஒன்று செய்து வைத்தேன். தினம் திறந்து பார் என்றும் சொன்னார்கள். செய்து வைத்த நாளிலிருந்து நான் அதைத் திறக்கவேயில்லை.

உள்ளே ஏழு செய்திகள். இரண்டு லீவு விண்ணப்பம், நாலு என்னவென்று தெரியாதது. நடுவில் அவருடைய விண்ணப்பம், திங்கட்கிழமை வந்த மேனிக்கு அப்படியே.

“கெடக்குதுங்க!” என்று கத்திவிட்டேன்.

“கெடக்கட்டும். அனுப்புங்க மொதல்ல.”

அனுப்பு வரிசையில் ஏற்கெனவே முப்பது சொச்சம் நிறைக்கணக்குகள் நின்றன. அவர் விண்ணப்பத்துக்கு ஒன்பது போட்டேன். ஒன்பதாம் எண் முதன்முதலாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. பதினொன்றே காலுக்கு டயல் பண்ணினேன். மழை. கீச்சென்று கத்திவிட்டு லைன் அறுந்தது. மறுபடி. அறுந்தது. பதினொன்றரைக்கும் அறுந்தது. அவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த குளிரூட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பதினொன்று நாற்பத்தெட்டுக்கு லைன் பிடித்தது. வரிசையின் ஆழம் ஒன்று குறைந்தது. போய்ச் சேர்ந்ததா, வழியில் அறுந்ததா என்று தெரியவில்லை. அக்கா அலுவலகத்தின் மற்ற லைனில் கொழும்பைப் பிடித்து, ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றார். பிறகு, “ஓம்... ஓம்... பெயரை ஒருக்காச் சொல்லுங்கோ” என்று கேட்டு, எங்கள் பக்கம் திரும்பித் தலையாட்டினார்.

பெரிய கிளாக்கர் எழுந்து குடையை எடுத்தார். “கிளினிக் முடிஞ்சிருக்கும்” என்றார். கதவடியில் நின்று, “அந்த அரை டிக்கட் பகிடி எங்க வீட்டம்மாவுக்குச் சொன்னேங்க. சிரிச்சிச்சு. அதை மட்டும் வச்சுக்கங்க” என்றார்.

அன்று மீதிப் பகல் முழுக்க மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் அழித்தேன். அக்கா பின்னால் நின்று ஒவ்வொன்றையும் வாசித்தார். ஒன்றே ஒன்றுக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். அது ‘நம்ம சிஸ்டத்தில் ஒன்றும் தொலையாது’ என்ற அறிவித்தல்.

இரண்டு மாதத்தில் அவருக்கு ஹாலிஎல கிடைத்தது. அதன்பின் நான் பதுளையில் வேலைபார்த்த காலம்வரை சனிக்கிழமை ஒன்பது மணிக்கு என் போன் அடிக்கும்.

“என்னங்க தம்பி, டின்னு தெறந்தாச்சா?”

“தெறந்தாச்சுங்க. ஒண்ணுமில்ல.”

“நல்லாக் குலுக்கிப் பாருங்க” என்பார். பின்னால் அந்த அம்மா சிரிக்கிற சத்தம் கேட்கும்.