நலமானவர், எண் பதினேழு

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வகத்துக்குப் போகிறவன் நான் ஒருவன்தான். தட்டுகளில் வளரும் உயிர்ச் செல்களுக்கு லீவு கிடையாது. பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, இளஞ்சிவப்பான புதுத் திரவத்தை விட வேண்டும். எங்கள் பேச்சில் அதற்குப் பெயர் சாப்பாடு போடுவது. பொங்கலோ தீபாவளியோ, அழகர் ஆற்றில் இறங்கும் நாளோ, எதுவானாலும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "ஒங்களுக்கென்னண்ணே, தனி ஆளு" என்பார்கள். அதை ஏதோ எனக்குக் கிடைத்த சலுகை மாதிரிச் சொல்வார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்திவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவும் போன பிறகு, வாடிப்பட்டிப் பக்கம் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு, சமயநல்லூரில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன்.

ஆய்வகம் தொடங்கிய புதிதில், நலமான ஆட்களின் ரத்தம் தேவைப்பட்டது. அந்த ரத்தத்தில் இருக்கும் செல்களை, எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்களாக மாற்றி, அவற்றிலிருந்து இதயத் தசையை வளர்ப்பார்கள். என்னைப் போன்ற ஆய்வக உதவியாளர்களும் கொடுக்கலாம் என்றார்கள், நானும் கையை நீட்டினேன். அதற்கு முன் ஒரு படிவம். 'குடும்பத்தில் யாருக்கேனும் இதய நோய் உண்டா?' இல்லை என்று டிக் போட்டேன்.

பொய் சொல்லவில்லை. என் அப்பா நெல்லுக்கட்டு சுமந்து வரும்போது வரப்பில் விழுந்து இறந்தார். உச்சி வெயில். முனி அடித்துவிட்டது என்றார்கள். சித்தப்பா கப்பலூரில் ஒரு பட்டறையில் நின்ற இடத்திலேயே சுருண்டார். அவர் குடிப்பார், அதனால் குடிதான் காரணம் என்று முடித்துவிட்டார்கள். இருவருக்கும் நாற்பது தாண்டவில்லை. இதய நோய் என்பது நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு வருவது, கூலிக்குக் கட்டுச் சுமக்கிறவனுக்கு வராது என்றுதான் எங்கள் தெருவே நம்பியது.

ரத்தம் கொடுத்தவர்களின் பெயர் எங்கும் இருக்காது, எண் மட்டும்தான். யாருடையது என்று எவருக்கும் தெரியக் கூடாது என்பது விதி. ஆனால் குப்பிகளில் ஸ்டிக்கர் ஒட்டியது நான். 'நலமானவர், எண் பதினேழு' என்று ஒட்டி, உறைய வைக்கும் தொட்டிக்குள் என்னை நானே இறக்கி வைத்தேன்.

சில வருடங்கள் கழித்து முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரு பெண் வந்தாள். காலாகாலத்தில் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் அந்த வயதில் ஒரு மகள் இருந்திருப்பாள். தட்டில் பரப்பி வளர்த்தால் இதயச் செல்கள் விரித்த பாய் மாதிரித் தட்டையாகக் கிடக்கும். உடம்புக்குள் இருப்பதுபோல் எல்லாப் பக்கமும் பிடிமானம் வேண்டும் என்பது அவள் ஆய்வு. அதற்காக ஹைட்ரோஜெல் செய்வாள். ஜிகர்தண்டாவுக்கு ஊறவைக்கும் பாதாம் பிசின் தண்ணீரைக் குடித்துக் கொழகொழவென்று நிற்குமே, ஏறக்குறைய அதே சங்கதி. அதில் செல்களைக் கலந்து, இரண்டு குட்டித் தூண்களுக்கு நடுவே விட்டு வைப்பாள். சில நாட்களில் ஜெல்லுக்குள் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, நூல் கனத்துக்குத் தசையாகத் திரண்டுவிடும்.

தொட்டியிலிருந்து அவள் தேர்ந்தெடுத்தது பதினேழை. "இதுதான்ணே நல்லா வளருது" என்றாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போடப் போனபோது அது துடித்துக்கொண்டிருந்தது. தூண்கள் இரண்டும் மெல்ல உள்ளே வளைந்து நிமிர்ந்தன. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். தண்ணீர் கேன் போடுகிறவர், கேஸ் ஏஜென்சி, வீட்டுக்காரர், கரண்ட் ஆபீஸ். கடைசிவரை தள்ளிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டேன். அழுகை வந்தது. ஐம்பதை நெருங்குகிற ஆள், ஆளில்லாத ஆய்வகத்தில் அழுதேன்.

ஆனால் அவளுக்கு அந்தத் துடிப்பில் திருப்தி இல்லை. "நாலு அடிச்சு ஒன்னு விடுதுண்ணே. ஜெல்தான் சரியில்ல" என்றாள். இளக்கமாகச் செய்தாள், விட்டது. இறுக்கமாகச் செய்தாள், அப்போதும் விட்டது. மாதங்கள் ஓடின. நலமான தசையே இப்படித் துடித்தால் நோயாளியின் தசையை எதோடு ஒப்பிடுவது? வழிகாட்டிப் பேராசிரியர் கடிந்துகொண்ட அன்று, பாட்டில் கழுவும் தொட்டிப் பக்கம் போய் நின்று மூக்கைச் சிந்தினாள்.

அந்தச் சமயத்தில்தான் பஸ் ஏறும்போது எனக்குக் கண் இருட்டியது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் பசையைத் தடவி ஸ்கேன் எடுத்த டாக்டர், "தசை தடிச்சிருக்கு. பரம்பரையா வர்றது. வீட்ல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு தவறியிருக்காங்களா?" என்று கேட்டார்.

"எங்கப்பாவ முனி அடிச்சிருச்சுன்னு…" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்துத் திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. நான்கு துடிப்பு, பிறகு ஒரு தடுமாற்றம். அதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கனமான சிலிண்டரைத் தூக்க வேண்டாம் என்பார்கள், அடுத்து வேலைக்கே வர வேண்டாம் என்பார்கள் என்று பயந்தேன். அது பாதிக் காரணம். நலமானவர் என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும் என்ற அற்ப ஆசை மீதிக் காரணம். அந்தப் பெண் அடுத்த ஜெல்லைக் கலக்க ஆரம்பித்த காலையில்தான் என்மேல் எனக்கே கோபம் வந்தது.

"ஜெல்லுல கோளாறு இல்லம்மா" என்றேன். "பதினேழு நல்ல ஆளு இல்ல."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினேன். படித்தாள். என்னைப் பார்த்தாள், தசை வளரும் இன்குபேட்டர் பெட்டியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"இது எம்புட்டு நாளாத் தெரியும்?"

"மூணு வாரமா."

"மூணு வாரமா நான் ஜெல்ல மாத்தி மாத்திச் செஞ்சுக்கிட்டு இருக்கேன். நீங்க பக்கத்துல நின்னு தட்டு கழுவிக்கிட்டு இருந்தீகளா?"

நல்ல கோபம். வாங்கிக்கொண்டேன். வெடுக்கென்று வெளியே போனவள் சற்று நேரத்தில் திரும்பி வந்து, "மாத்திரை குடுத்திருக்காகளா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவள் வேலை முழுக்க வீணாகவில்லை. பதினேழை இனி நோயாளியின் தசையாக வைத்துக்கொள்ளலாம், நலமானவருக்கு வேறு எண்ணை எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று முடிவானது. பழைய ஸ்டிக்கரை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டியதும் நான்தான். சம்மதப் படிவத்தைப் புதிதாக நிரப்பச் சொல்லி அவள் எடுத்து வந்தாள். இந்தத் தடவை 'உண்டு' என்று டிக் போட்டேன். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. அவசரத் தகவலை யாருக்குத் தெரிவிக்க வேண்டும்? பெயர், உறவு, தொலைபேசி எண்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் குப்பிகளை எண்ணுவதுபோல் திரும்பி நின்றுகொண்டாள். பெயரையும் உறவையும் விட்டுவிட்டு ஓர் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

"அண்ணே, இது நம்ம லேப் நம்பரு. ஞாயித்துக்கெழமை அடிச்சா நீங்கதான எடுப்பீக?"

"ஆமா. எடுக்கலைன்னா, சேதி என்னன்னு ஒங்களுக்கே தெரிஞ்சிரும்லம்மா."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. படிவத்தை மடித்துக் கோப்பில் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணியானால் ஆய்வகத்துத் தொலைபேசி அடிக்கிறது. எடுத்தால், "துடிக்குதாண்ணே?" என்பாள். தட்டுப் பக்கம் போய்ப் பார்க்காமலே, "துடிக்குதும்மா" என்பேன். "சரிண்ணே" என்று வைத்துவிடுவாள்.